அவென்டைன் மறைநூல் வட்டம்

அவென்டைன் மறைநூல் வட்டம் என்பது கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோம் நகரின் அவென்டைன் குன்றில், மார்செல்லா என்ற கைம்பெண்ணின் இல்லத்தில் கூடி விவிலியம் கற்ற பெண்களின் குழு. கிறிஸ்தவ வரலாற்றில் பெண்கள் ஒன்றுகூடி மறைநூலை முறையாகப் படித்ததற்கு விரிவான சான்றுகள் கிடைக்கும் தொடக்கக் குழுக்களில் இது ஒன்று. புனித ஜெரோம் (தமிழ்க் கத்தோலிக்க வழக்கில் எரோணிமுஸ்) கி.பி. 382 முதல் 385 வரை ரோமில் இருந்தபோது இக்குழுவுக்குப் பாடம் சொன்னார். பின்னர் அவர் உருவாக்கிய லத்தீன் விவிலியத்துக்கும் விளக்கவுரைகளுக்கும் இப்பெண்கள் கேட்ட கேள்விகள் முக்கியமான தூண்டுதலாக இருந்தன. ஆனால் அவர்கள் எழுதியவை ஏறக்குறைய முழுவதும் அழிந்துவிட்டன. இன்று அவர்களைப் பற்றித் தெரிவதெல்லாம் பெரும்பாலும் ஜெரோமின் கடிதங்கள், முன்னுரைகள் வழியாகவே.

பின்புலம்

4-ஆம் நூற்றாண்டின் ரோமில் கிறிஸ்தவம் பரவியிருந்தாலும் உயர்குடிகள் பலவற்றில் பழைய சமயமும் புதிய சமயமும் ஒரே வீட்டில் இருந்தன. பிரபு குலத்துப் பெண்ணுக்குத் திருமணம் என்பது சொத்து, அரசியல் உறவு, குல வாரிசு ஆகியவற்றோடு பிணைந்தது. கணவனை இழந்த இளம்பெண் விரைவில் மறுமணம் செய்துகொள்வார் என்பதே குடும்பத்தின் எதிர்பார்ப்பு. துறவு வாழ்க்கை எகிப்தின் பாலைவனத்துக்கு உரியது, ஏழைகளுக்கும் குடியானவர்களுக்கும் உரியது என்று ரோமின் பிரபுக்கள் எண்ணினர்.

கி.பி. 340-ஐ ஒட்டி அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ் நாடுகடத்தப்பட்டு ரோமுக்கு வந்தார். தமிழ்நாட்டில் வனத்து அந்தோணியார் என்று அறியப்படும் எகிப்தியத் துறவி அந்தோணியாரைப் பற்றியும், பக்கோமியுஸ் நிறுவிய மடங்களைப் பற்றியும், அங்கே கன்னியரும் கைம்பெண்களும் வாழும் முறையைப் பற்றியும் ரோமானியர்கள் அப்போதுதான் விரிவாகக் கேள்விப்பட்டனர். மார்செல்லா இந்த வாழ்க்கைமுறையை அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த இத்தகைய குருக்களிடமிருந்து அறிந்துகொண்டார் என்று ஜெரோம் எழுதுகிறார்.

மார்செல்லா

மார்செல்லா பழம்பெரும் பிரபு குலத்தைச் சேர்ந்தவர். தந்தையை இழந்தவர். தாயார் பெயர் அல்பினா. மணமாகி ஏழு மாதங்களில் கணவர் இறந்தார். அதன்பின் செரியாலிஸ் என்னும் முதிய பிரபு அவரை மணக்க விரும்பினார். கான்சல் பதவி வகித்தவர், பெருஞ்செல்வர், தன் சொத்தை மனைவிக்குப்போல அன்றி மகளுக்குப்போல எழுதிவைப்பதாகவும் சொன்னார். அல்பினாவும் இந்தச் சம்பந்தத்தை விரும்பினார். மணம் செய்துகொள்வதாக இருந்தால் கணவனைத் தேடுவேனே தவிர சொத்தைத் தேடமாட்டேன் என்ற பொருளில் மார்செல்லா மறுத்துவிட்டார்.

பின்னர் அவர் பட்டையும் நகைகளையும் விட்டு எளிய பழுப்புநிற ஆடைக்கு மாறினார். ரோமின் உயர்குடிப் பெண்களில் வெளிப்படையாகத் துறவு வாழ்க்கையை ஏற்ற முதல்வர் அவரே என்பது ஜெரோமின் கூற்று. பாலைவனத்துக்குப் போகாமல் தாயாருடன் தன் வீட்டிலேயே இருந்தார். தனியாகத் தெருவில் செல்வதைத் தவிர்த்தார், கூட்டம் குறைந்த நேரத்தில் மறைசாட்சிகளின் ஆலயங்களுக்குச் சென்றார், உண்ணாநோன்பை அளவோடு மேற்கொண்டார். மற்ற நேரமெல்லாம் படிப்பு. இந்த அளவறிந்த போக்கு ஜெரோமின் மற்ற மாணவிகள் சிலரிடம் காணப்படாதது.

ஜெரோம் ரோமுக்கு வரும் முன்பே இக்குழு இருந்தது. ஜெரோம் இதைத் தொடங்கினார் என்று சில நூல்கள் எழுதுவது பிழை. மார்செல்லா அவரைவிட வயதில் மூத்தவர். ஆசிரியர் வந்தபோது மாணவிகள் சங்கீதங்களை ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தனர்.

குழுவினர்

அசெல்லா சிறுவயதிலேயே துறவை ஏற்று, பன்னிரண்டு வயது முதல் ஒரு சிறிய அறைக்குள் வாழ்ந்தவர். லேயா கைம்பெண். கன்னியர் குழு ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். சங்கீதங்களைப் படித்துக்கொண்டிருந்த ஒரு காலைப்பொழுதில்தான் அவருடைய மரணச் செய்தி ஜெரோமுக்கும் மார்செல்லாவுக்கும் வந்தது. பிரின்சிப்பியா வயதில் இளையவர். மார்செல்லாவுடன் மகளைப்போல இறுதிவரை வாழ்ந்தார்.

இவர்களில் அதிகம் அறியப்பட்டவர் பவுலா (கி.பி. 347–404). தாய்வழியில் ஸ்கிப்பியோ, கிராக்குஸ் குலங்களின் வழித்தோன்றல். கணவர் தொக்சோத்தியுஸ் இறந்தபின் மார்செல்லாவின் தூண்டுதலால் இவ்வாழ்க்கைக்கு வந்தார். பவுலாவுக்கு ஐந்து குழந்தைகள். அவர்களில் மூத்தவரான பிளெசில்லாவும் மூன்றாம் மகளான யூஸ்தோக்கியமும் தாயுடன் மறைநூல் படித்தனர்.

இவர்கள் அனைவரும் செல்வர்கள். கிரேக்கம் கற்பிக்கப்பட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள், ஏடுகளைப் படியெடுக்கப் பொருள்வசதி உள்ளவர்கள், வீட்டுவேலைக்கு அடிமைகளைக் கொண்டவர்கள். ரோமின் சாதாரணக் கிறிஸ்தவப் பெண்ணுக்கு இந்த ஓய்வும் நூல்களும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை. அவென்டைன் வட்டத்தைப் பற்றிப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஜெரோமின் வருகை

கி.பி. 382-இல் அந்தியோக்கியாவின் பவுலினுஸ், சலாமிசின் எபிபானியுஸ் ஆகிய ஆயர்களுடன் ஜெரோம் ரோமுக்கு வந்தார். எபிபானியுஸ் பவுலாவின் வீட்டில் தங்கினார். போப் தமாசுஸ் ஜெரோமைத் தன் செயலராக வைத்துக்கொண்டு லத்தீன் நற்செய்திகளைத் திருத்தும் பொறுப்பை அளித்தார்.

உயர்குடிப் பெண்களைச் சந்திப்பதை ஜெரோம் முதலில் தவிர்த்தார். மார்செல்லா விடாமல் வற்புறுத்தியே அவரைத் தன் வீட்டுக்கு வரவழைத்தார். அவர் ஜெரோமிடம் தேடியது ஒரு குறிப்பிட்ட அறிவு. ஜெரோம் சிரியப் பாலைவனத்தில் யூதராகப் பிறந்து கிறிஸ்தவரான ஒருவரிடம் எபிரேயம் கற்றிருந்தார். அன்றைய லத்தீன் கிறிஸ்தவ அறிஞர்களில் எபிரேயம் அறிந்தவர்கள் மிகமிக அரிது.

ஏன் எபிரேயம் தேவைப்பட்டது என்பதை விளங்கிக்கொள்ள அன்றைய விவிலியத்தின் நிலையை அறிய வேண்டும். மேற்குத் திருச்சபை படித்த பழைய ஏற்பாடு, மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பு. எபிரேயத்திலிருந்து கிரேக்கத்துக்கும் (செப்துவஜின்ட்), கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும் வந்தது. லத்தீன் வடிவமும் ஒன்றல்ல. கைப்பிரதிகளின் எண்ணிக்கை அளவுக்குப் பாடபேதங்களும் இருந்தன என்று ஜெரோமே நற்செய்திகளுக்கு எழுதிய முன்னுரையில் குறைபட்டுக்கொள்கிறார். அதிகார எண், வசன எண் எதுவும் கிடையாது. சொற்களுக்கிடையே இடைவெளியும் பெரும்பாலும் இல்லை. ஒரு சங்கீதத்தை ஐந்து பெண்கள் ஐந்து ஏடுகளில் படித்தால், சில இடங்களில் ஐந்து வெவ்வேறு சொற்கள் இருக்கக்கூடும். எது சரி என்ற கேள்வி அங்கே தானாக எழும்.

கேள்விகள்

ஜெரோம் மார்செல்லாவுக்கு எழுதிய கடிதங்களில் கணிசமானவை எஞ்சியுள்ளன. ரோம் ஆண்டுகளைச் சேர்ந்தவை பல. ஒரே நகரில் இருந்தும் நேரில் பேசி முடியாதவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுவது மார்செல்லாவின் வழக்கம். அவர் கேட்டவை பக்தி உணர்வைத் தூண்டும் பொதுக் கேள்விகள் அல்ல. ஏறக்குறைய எல்லாம் சொல்லாராய்ச்சி சார்ந்தவை.

ஆமென், அல்லேலூயா போன்ற எபிரேயச் சொற்கள் ஏன் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே விடப்பட்டன என்று கேட்டார். கடவுளைக் குறிக்க எபிரேயத்தில் வழங்கும் பத்துப் பெயர்களை விளக்கச் சொன்னார். சங்கீதங்களின் நடுவே தனியாக நிற்கும் ‘சேலா’ என்ற சொல் கிரேக்கத்தில் ‘தியாப்சல்மா’ என்று பெயர்க்கப்பட்டிருந்தது. அதன் பொருள் என்ன என்பது இன்னொரு கேள்வி. பழைய தமிழ் வேதாகமத்தைப் படித்தவர்கள் சங்கீதங்களின் இடையே அடைப்புக்குறிக்குள் அதே சொல் மொழிபெயர்க்கப்படாமல் நிற்பதைப் பார்த்திருப்பர். 16 நூற்றாண்டுகளுக்குப் பிறகும் அறிஞர்கள் அதன் பொருளில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. குருக்கள் அணியும் ஏபோத்து என்பதும் நியாயாதிபதிகள் நூலில் வரும் தேராபீம் என்பதும் எத்தகைய பொருள்கள் என்றும் கேட்டார்.

இன்று 127-ஆம் சங்கீதமாக எண்ணப்படும் பாடலில் இரண்டு தொடர்களில் அவருக்கு ஐயம் எழுந்தது. ஒன்று துயரத்தின் அப்பம் என்பது. மற்றொன்று, லத்தீனில் ‘உதறப்பட்டவர்களின் மக்கள்’ என்று இருந்த புரியாத தொடர். எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் இருப்பது இளமையில் பிறந்த பிள்ளைகள் என்ற பொருளுள்ள சொல். புகழ்பெற்ற உரையாசிரியரான ஹிலரி எபிரேயம் அறியாததால் இந்த இடத்தில் வழுவினார் என்று ஜெரோம் பதிலில் சுட்டினார். அத்தனை பெரிய ஆயரின் உரையை ஒரு பெண் நுணுகிப் படித்து, அது தனக்கு நிறைவளிக்கவில்லை என்று வேறொருவரிடம் கேட்டிருக்கிறார் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஒருமுறை ஆட்டன் நகர ஆயர் ரெத்திசியுஸ் இனிமைமிகு பாடல் (உன்னதப்பாட்டு) நூலுக்கு எழுதிய உரையை மார்செல்லா கேட்டார். அதில் பிழைகள் மலிந்துள்ளன, அது உனக்கு வேண்டாம் என்று சொல்லி ஜெரோம் அனுப்ப மறுத்துவிட்டார். மற்றவர்களுக்குக் கொடுத்தீர்களே என்று நீ கேட்கலாம், எல்லோருக்கும் ஒரே உணவு ஒத்துக்கொள்ளாது என்று சமாதானமும் சேர்த்துக்கொண்டார். எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் இங்கே ஆசிரியரிடமே இருந்தது.

மார்செல்லா ஒரு பதிலை உடனே ஏற்பவர் அல்ல. எதிர்க்கேள்வி எழுப்புவார், சொன்னவர் யார் என்பதற்காக மட்டும் ஒன்றை ஒப்புக்கொள்ளமாட்டார். கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய உரையின் முன்னுரையில், தனக்கு எதிரே ஒரு மாணவி இருப்பதாகத் தோன்றவில்லை, நீதிபதி இருப்பதாகவே தோன்றியது என்ற கருத்தில் ஜெரோம் இதைக் குறிப்பிடுகிறார்.

பவுலாவின் முறை வேறு. அவரும் யூஸ்தோக்கியமும் பழைய, புதிய ஏற்பாடுகளை முழுவதும் வரிவரியாகத் தங்களுடன் சேர்ந்து படிக்கும்படி ஜெரோமைக் கட்டாயப்படுத்தினர். ஓரிடத்தில் எனக்குத் தெரியாது என்று ஜெரோம் சொன்னாலும் பவுலா விடமாட்டார். இருக்கும் பல கருத்துகளில் எது அதிகம் பொருந்துவதாக உங்களுக்குப் படுகிறது என்றாவது சொல்லுங்கள் என்று கேட்பார். இன்று 119-ஆம் எண்ணில் உள்ள நீண்ட சங்கீதம் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளின் வரிசையில் அமைந்தது. அந்த எழுத்துகளின் பொருளை பவுலா கேட்டதற்கு ஜெரோம் தனிக்கடிதமே எழுதினார். பவுலா எபிரேயம் கற்று, லத்தீன் வாடை இல்லாத உச்சரிப்புடன் சங்கீதங்களை அம்மொழியிலேயே பாடினார். யூஸ்தோக்கியமும் அவ்வாறே. நான் பல ஆண்டு உழைத்துப் பாதி கற்றதை அவர் அடைந்துவிட்டார் என்ற வியப்பு ஜெரோமின் நினைவுரையில் தெரிகிறது.

பிளெசில்லாவின் மரணம்

பிளெசில்லா மணமாகி ஏழு மாதங்களில் கைம்பெண் ஆனவர். காய்ச்சலில் விழுந்து எழுந்தபின் துறவு வாழ்க்கைக்குத் திரும்பி, மிகக் குறுகிய காலத்தில் எபிரேயம் கற்றார். ஜெரோம் அவருக்குச் சபையுரையாளர் (பிரசங்கி) நூலைப் படித்துக் காட்டினார். நீங்கள் இல்லாதபோதும் நான் படித்துப் புரிந்துகொள்ளும்படி கடினமான இடங்களுக்குச் சிறிய உரை எழுதித் தாருங்கள் என்று பிளெசில்லா கேட்டார்.

அந்த உரை எழுதப்படும் முன்பே, கி.பி. 384-இல், ஏறத்தாழ இருபது வயதில் பிளெசில்லா இறந்தார். கடும் நோன்பே அவரைக் கொன்றது என்று நகரம் பேசியது. இறுதி ஊர்வலத்தில் பவுலா மயங்கி விழுந்தபோது, துறவிகளை நகரைவிட்டு விரட்ட வேண்டும், கல்லெறிய வேண்டும், ஆற்றில் தள்ள வேண்டும் என்று கூட்டம் முணுமுணுத்தது. இதைப் பதிவு செய்திருப்பவரும் ஜெரோமே. அவர் பவுலாவுக்கு எழுதிய ஆறுதல் கடிதம் மகளுக்காக அளவுமீறி அழுவதைக் கண்டிக்கிறது. இன்று படிப்பவருக்கு அது ஆறுதலைவிடக் கடுமையாகவே தோன்றும். பிளெசில்லாவின் மரணத்தில் ஜெரோமுக்குப் பொறுப்பில்லை என்று அவருடைய வரலாற்றாசிரியர்கள் பலரும் எளிதில் சொல்லிவிடுவதில்லை.

சபையுரையாளர் உரையை ஜெரோம் சில ஆண்டுகள் கழித்து பெத்லகேமில் எழுதி முடித்து, பவுலாவுக்கும் யூஸ்தோக்கியத்துக்கும் காணிக்கையாக்கினார். எபிரேய மூலத்தை நேரடியாக அடிப்படையாகக் கொண்ட லத்தீன் விளக்கவுரைகளில் அது முன்னோடி. அது பிளெசில்லா கேட்டதன் பயன் என்று முன்னுரையே சொல்கிறது.

ரோமிலிருந்து வெளியேற்றம்

கி.பி. 384 டிசம்பரில் போப் தமாசுஸ் இறந்தார். ஆதரவாளர் போனதும் ஜெரோம் ரோமின் குருக்களிடம் சேர்த்துவைத்திருந்த பகை வெளிப்பட்டது. பழகிய விவிலியச் சொற்களை மாற்றியது, குருக்களின் ஆடம்பரத்தைக் கேலி செய்தது, பிளெசில்லாவின் மரணம் எல்லாம் சேர்ந்தன. பவுலாவுடனான அவருடைய உறவும் சந்தேகத்துக்கு உள்ளாக்கப்பட்டது. கி.பி. 385 ஆகஸ்டில் ஜெரோம் கப்பலேறினார். புறப்படும்போது அசெல்லாவுக்கு எழுதிய கடிதத்தில் அவதூறுகளை மறுத்து, குழுவினர் ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்கிறார்.

சில மாதங்களில் பவுலாவும் யூஸ்தோக்கியமும் பின்தொடர்ந்தனர். துறைமுகத்தில் சிறுவன் தொக்சோத்தியுஸ் கைநீட்டி அழுதான். மணவயதை எட்டிய மகள் ருஃபினா பேசாமல் கண்ணீருடன் நின்றாள். பவுலா வானத்தைப் பார்த்தபடி சென்றார் என்று ஜெரோம் புகழ்ந்து எழுதுகிறார். கரையில் நின்ற பிள்ளைகளின் பக்கத்திலிருந்து இக்காட்சியை எழுதியவர் எவரும் இல்லை.

பெத்லகேம்

பாலஸ்தீனத்தையும் எகிப்தையும் சுற்றியபின் கி.பி. 386-இல் அவர்கள் பெத்லகேமில் குடியேறினர். பவுலாவின் செலவில் ஆண்களுக்கு ஒரு மடமும் பெண்களுக்கு மடமும் விருந்தினர் விடுதியும் கட்டப்பட்டன. பெண்கள் குலநிலைப்படி மூன்று குழுக்களாகப் பிரிந்து வேலை செய்தனர், உண்டனர். ஆடை எல்லோருக்கும் ஒன்று, வழிபாடும் சேர்ந்தே. விடியல், மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணிகள், மாலை, நள்ளிரவு என ஆறு வேளை சங்கீதங்களைப் பாடினர். சங்கீதங்களை அறியாமல் எவரும் அங்கே இருக்க முடியாது. அன்றாடம் மறைநூலின் ஒரு பகுதியையும் கற்றாக வேண்டும். ரோமில் பிரபு குலப் பெண்கள் சிலருக்கே வாய்த்த படிப்பு இங்கே எல்லா நிலைப் பெண்களுக்கும் கட்டாயமானது. அவென்டைன் வட்டத்துக்கும் பெத்லகேம் மடத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

ஜெரோமின் பணிகள் பலவும் இங்கிருந்தே வந்தன. செப்துவஜின்டைத் தழுவி அவர் திருத்திய சங்கீத மொழிபெயர்ப்பின் முன்னுரை பவுலாவையும் யூஸ்தோக்கியத்தையும் விளித்து எழுதப்பட்டது. வுல்காத்தா எனப்படும் லத்தீன் விவிலியத்தில் நிலைத்து, மேற்குத் திருச்சபையில் பல நூற்றாண்டுகள் பாடப்பட்டது அந்த வடிவமே. ஏசாயா, எசேக்கியேல் உரைகள் யூஸ்தோக்கியத்துக்குக் காணிக்கையாக்கப்பட்டன. அவென்டைன் வட்டத்தோடு நட்புக் கொண்ட ஃபேபியோலா பெத்லகேமுக்கு வந்தபோது, எண்ணாகமத்தில் இஸ்ரயேலர் பாலைவனத்தில் தங்கிய இடங்களின் பட்டியலை ஒவ்வொன்றாக விளக்கச் சொல்லித் திணறவைத்தார். அதற்கான பதிலை ஜெரோம் எழுதி முடித்தபோது ஃபேபியோலா உயிருடன் இல்லை.

பவுலா கி.பி. 404 ஜனவரி 26 அன்று இறந்தார். அவருடைய செல்வம் முழுவதும் கரைந்து, மகளுக்குக் கடன் மட்டுமே மிஞ்சியது. மடத்தின் பொறுப்பை யூஸ்தோக்கியம் ஏற்றார். இதே பவுலாவின் பெயரைக் கொண்ட பேத்தியும் பின்னர் பெத்லகேமுக்கு வந்தார். துறைமுகத்தில் அழுத தொக்சோத்தியுசின் மகள் அவர். அவர் குழந்தையாக இருந்தபோது தாயார் லேத்தாவுக்கு ஜெரோம் எழுதிய கடிதம், பெண்குழந்தைக்கு மறைநூல் கற்பிக்கும் பாடத்திட்டம் போன்றது. தந்தத்தில் அல்லது மரத்தில் செய்த எழுத்துகளை விளையாடக் கொடுப்பது, சரியாகப் படித்தால் பரிசு தருவது, மற்ற குழந்தைகளுடன் சேர்த்துப் படிக்கவைப்பது என்று தொடங்குகிறது. சங்கீதங்களில் ஆரம்பித்து நீதிமொழிகள், நற்செய்திகள் எனப் படிப்படியாகப் போய் உன்னதப்பாட்டைக் கடைசியில் படிக்கச் சொல்கிறது.

ரோமில் மார்செல்லா

பெத்லகேமுக்கு வந்துவிடும்படி மார்செல்லாவுக்கு ஓர் அழைப்புக் கடிதம் போனது. பவுலா, யூஸ்தோக்கியம் பெயரில் உள்ள அந்தக் கடிதமும் ஜெரோமின் கைவண்ணம் என்றே அறிஞர்கள் பலர் கருதுகின்றனர். மார்செல்லா போகவில்லை.

ஜெரோம் இல்லாத ரோமில், மறைநூலின் ஓர் இடத்தைப் பற்றித் தகராறு எழுந்தால் மார்செல்லாவிடம் வந்து தீர்ப்புக் கேட்டனர். குருக்களும் கேட்டனர். பெண் கற்பிக்கக் கூடாது என்று 1 தீமோத்தேயு நிருபத்தில் ஒரு கட்டளை உண்டு. எனவே மார்செல்லா தன் சொந்தக் கருத்தைச் சொல்லும்போதும், இது ஜெரோம் சொன்னது அல்லது வேறொருவர் சொன்னது என்று சேர்த்தே சொன்னார். கேட்க வந்த ஆண்களுக்குத் தலைக்குனிவு நேரக் கூடாது என்பது நோக்கம். ஜெரோம் இதைப் பணிவின் அடையாளமாகப் பாராட்டுகிறார். இதன் விளைவு வேறு. மார்செல்லா ரோமில் அளித்த விளக்கங்களில் ஒன்றுகூட அவர் பெயரால் இன்று இல்லை. ஜெரோமின் கருத்து என்று அன்றைய ரோமில் புழங்கியவற்றில் சில மார்செல்லாவுடையவை. அவற்றைப் பிரித்தெடுக்க இனி வழியில்லை.

கொள்கைச் சிக்கல்களிலும் அவர் விலகி நிற்கவில்லை. மொந்தானியர் ஒருவர் யோவான் நற்செய்தியின் பகுதிகளைக் காட்டித் தன் பக்கம் இழுக்க முயன்றபோது அதற்கான மறுப்பைக் கேட்டுப் பெற்றார். அலெக்சாந்திரிய அறிஞர் ஒரிஜெனின் போதனைகள் பற்றிய சர்ச்சை ரோமில் வெடித்தபோது, மார்செல்லா வெளிப்படையாக எதிர்த்தரப்பில் நின்றார், சாட்சிகளைத் திரட்டினார். ஒரிஜெனின் கருத்துகள் ரோமில் கண்டிக்கப்பட்டதற்குத் தொடக்கம் மார்செல்லாவே என்று ஜெரோம் சொல்கிறார். சர்ச்சையின் மறுபக்கத்திலும் ஒரு கற்றறிந்த ரோமானியக் கைம்பெண் இருந்தார். எருசலேமின் ஒலிவ மலையில் மடம் நிறுவிய மூத்த மெலானியா அவர். ஜெரோமின் எழுத்தில் மெலானியாவுக்கு மார்செல்லாவுக்குக் கிடைத்த மரியாதை கிடைக்கவில்லை.

கி.பி. 410 ஆகஸ்டில் அலாரிக்கின் விசிகோத் படை ரோமைச் சூறையாடியது. பொன்னைத் தேடி வந்த வீரர்கள் முதியவரான மார்செல்லாவைத் தடியாலும் சவுக்காலும் அடித்தனர். தன் முரட்டு ஆடையைத் தவிர அவரிடம் காட்ட எதுவும் இல்லை. பிரின்சிப்பியாவைத் தன்னிடமிருந்து பிரிக்க வேண்டாம் என்று மட்டும் மன்றாடினார். வீரர்கள் இரங்கி இருவரையும் அடைக்கலத் தலமான புனித பவுல் பேராலயத்தில் கொண்டுவிட்டனர். சில காலத்துக்குள் மார்செல்லா பிரின்சிப்பியாவின் கைகளில் உயிர்நீத்தார். ஜெரோம் அவரைப் பற்றிய நினைவுரையைப் பின்னர் எழுதியது பிரின்சிப்பியா கேட்டதனால்தான்.

ஜெரோமின் இருவகைப் பேச்சு

பெண்களுக்காக எழுதுகிறார் என்று ஜெரோம் கேலி செய்யப்பட்டார். பிரின்சிப்பியாவுக்கு எழுதிய கடிதமொன்றில், ஆண்கள் மறைநூலைப் பற்றிக் கேட்டால் நான் பெண்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்ற தோரணையில் பதிலளித்தார். செப்பனியா உரையின் முன்னுரையில் குல்தாள், தெபோராள் முதலிய பெண்களை எடுத்துக்காட்டி, உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை முதலில் கண்டவர்களும் பெண்களே என்று வாதிட்டார்.

அதே ஜெரோம் நோலாவின் பவுலினுசுக்கு எழுதிய கடிதத்தில், மறைநூலை இன்று வாயாடிக் கிழவிகளும் விளக்கப் புறப்பட்டுவிட்டனர், ஆண்களுக்குக் கற்பிப்பதைச் சிலர் பெண்களிடம் கற்கிறார்கள், வெட்கம் என்று எழுதினார். ரோமின் குருக்கள் மார்செல்லாவிடம் செய்தது அதைத்தான். தன் மாணவிகளை விதிவிலக்குகளாக மட்டுமே அவரால் ஏற்க முடிந்தது என்று கொள்ளலாம்.

அவருடைய சமகாலத்தவர் எல்லோரும் அவரைப் போற்றவில்லை. துறவிகளின் வரலாற்றை எழுதிய பல்லாதியுஸ், பவுலா எல்லோரையும் மிஞ்சக்கூடிய ஆற்றல் பெற்றவர் என்றும், ஜெரோம் தன் பொறாமையால் அவரைத் தடுத்துத் தன் திட்டத்துக்கே பயன்படுத்திக்கொண்டார் என்றும் குற்றம் சாட்டினார். பல்லாதியுஸ் மெலானியாவின் தரப்பைச் சார்ந்தவர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

சான்றுகள்

கி.பி. 392–393-இல் தன் நூற்பட்டியலைத் தானே எழுதிய ஜெரோம், மார்செல்லாவுக்கான கடிதங்களை ஒரு தொகுதியாகக் குறிப்பிடுகிறார். பவுலாவுக்கும் யூஸ்தோக்கியத்துக்கும் நாள்தோறும் எழுதுவதால் அவற்றுக்குக் கணக்கில்லை என்கிறார். அவற்றில் சிலவே எஞ்சின. பெண்கள் அனுப்பிய கடிதங்களை அவர் தொகுக்கவில்லை.

நவீன ஆய்வாளர்களில் எலிசபெத் கிளார்க் ஜெரோமின் பெண் நண்பர்களை வரலாற்றில் முக்கியமானவர்களாக முன்வைத்தார். ஆண்ட்ரூ கெய்ன், மார்செல்லாவுக்கான கடிதங்களை ஜெரோம் தன்னை மறைநூல் அறிஞராக நிலைநிறுத்திக்கொள்ளத் திட்டமிட்டு வெளியிட்டார் என்று வாதிட்டார். உயர்குடிப் பெண் ஒருவர் தன்னைத் தேடிவந்து கேட்கிறார் என்பதே அன்று ஆசிரியருக்கு ஒரு சான்றிதழ். ஆனால் கடிதங்களிலுள்ள கேள்விகள் ஒரு குறிப்பிட்ட வாசகரின் ஏட்டில் எழுந்த குறிப்பிட்ட ஐயங்கள். அவற்றை ஜெரோம் புனைந்துகொண்டார் என்று சொல்வது கடினம்.

நினைவு

கத்தோலிக்கத் திருச்சபை மார்செல்லாவை ஜனவரி 31 அன்றும், பவுலாவை ஜனவரி 26 அன்றும், யூஸ்தோக்கியத்தைச் செப்டம்பர் 28 அன்றும் நினைவுகூர்கிறது. ஜெரோமின் நாளான செப்டம்பர் 30, பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாகவும் கொண்டாடப்படுகிறது. ஐக்கிய நாடுகள் அவை 2017-இல் இதை ஏற்றது. பெத்லகேமில் பிறப்புப் பேராலயத்தை ஒட்டிய குகைகளில் ஜெரோமின் கல்லறைக்கு அருகே பவுலா, யூஸ்தோக்கியம் ஆகியோரின் கல்லறைகளும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. 17-ஆம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் சுர்பரானின் பெயரில் வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள படத்தில் இம்மூவரும் சேர்ந்து காணப்படுகின்றனர்.